மேட்டுப்பக்கம் எறிந்த மண்

காட்டை வெட்டிக் காயவைத்து எரித்த நிலத்தில் விதைக்க ஏர் வேண்டாம், மாடு வேண்டாம், எரு வேண்டாம். சாம்பல் கலந்த மண் பொலபொலவென்று கிடக்கும். களை விதைகள் நெருப்பில் கருகியிருக்கும். கூராகச் சீவிய கழி ஒன்று போதும். குழி குத்தி விதையைப் போட்டு மூடிவிட்டு வரலாம். ஓரிரு வெள்ளாமை எடுத்தபின் களை தலைதூக்கும், விளைச்சல் இறங்கும். அப்போது அந்த இடத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். இருபது, இருபத்தைந்து ஆண்டு கழித்துத் திரும்பி வந்தால் அங்கே மறுபடி மரம் நிற்கும். தினைப்புனத்தையும் இலங்கையின் சேனைப் பயிர்ச்செய்கையையும் அறிந்த தமிழுக்கு இந்த வேளாண்மை புதிதல்ல.

ஊரில் ஆள் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டு காத்திருக்க வழியில்லை. எட்டாம் ஆண்டிலேயே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அதற்குள் மரம் எழுந்திருக்காது, புதர்தான் நிற்கும். எரித்தால் சாம்பல் கொஞ்சமே தேறும். வேரும் களையும் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். கழி போதாது, மண்வெட்டி வேண்டும். இன்னும் ஆள் கூடி, நிலத்தை ஆறப்போடும் காலம் ஓரிரு ஆண்டாகச் சுருங்கினால் புதர்கூட வராது. புல் மட்டும் மூடிக்கொள்ளும். புல்லின் வேர்ப்பின்னலை மண்வெட்டியால் ஏக்கர் கணக்கில் கொத்தி எடுப்பது ஆகிற காரியமல்ல. ஏர் வேண்டும். ஏருக்கு மாடு, மாட்டுக்குத் தீவனம், தீவனத்துக்கு நிலமும் ஆளும். சாம்பல் தந்த சத்தைத் தொழுவுரம் தர வேண்டும். அதைச் சேர்த்துச் சுமந்து கொட்ட வேண்டும். ஆண்டுதோறும் விதைப்பு என்றாகி, பிறகு ஆண்டுக்கு இரு போகம் என்றாகும்போது வாய்க்கால், வரப்பு, சமன்படுத்திய வயல், நாற்றங்கால், கைக்களை என்று வேலை முடிவில்லாமல் நீளும்.

இந்த வரிசையை 1965இல் ஒரு சிறு நூலில் எழுதிவைத்தவர் எஸ்தர் போசரப் என்ற டென்மார்க் பொருளியலாளர். ‘வேளாண் வளர்ச்சியின் நிலைமைகள்’ என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். நூற்றுச் சொச்சம் பக்கம்தான். நிலப் பயன்பாடு, சூழல் மாற்றம் குறித்து அதன்பின் எழுதிய பொருளியலாளர், புவியியலாளர், மானிடவியலாளர், தொல்லியலாளர் பலரும் ஏதாவதோர் இடத்தில் அந்நூலோடு மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். 1910இல் பிறந்த போசரப், கோபன்ஹேகனில் 1935இல் பட்டம் பெற்றார். தம் நாட்டு அரசின் திட்டப் பணியிலும், 1947 முதல் ஜெனீவாவில் ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்திலும் வேலை பார்த்தார். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி எதிலும் அவர் இருந்ததில்லை. 1957 முதல் 1960 வரை கணவர் மோகன்ஸ் போசரப்புடன் இந்தியாவில் தங்கினார். தெற்காசியாவின் வறுமை பற்றிக் குன்னார் மிர்தால் நடத்திய பேராய்வில் இருவருக்கும் பங்கு இருந்தது. அந்த ஆய்வு 1968இல் மூன்று தொகுதிகளாக வந்தபோது போசரப் தம் வழியில் வெகுதூரம் போயிருந்தார்.

வழி பிரிந்தது இந்தியாவில்தான். ஆசியக் கிராமங்களில் வேலைக்கு மிஞ்சிய கூட்டம் இருக்கிறது, அவர்களில் ஒரு பகுதியை ஆலைகளுக்குக் கூட்டிப்போனாலும் விளைச்சலில் ஒரு மரக்கால் குறையாது என்பது அக்காலப் பொருளியலில் பலர் ஒப்புக்கொண்ட கருத்து. இந்தியக் கிராமங்களைப் பார்த்தபின் போசரப்புக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. நடவு, களை, அறுவடை நாட்களில் ஆள் தேடி அலைந்த எந்தக் குடியானவரும் அந்தக் கருத்தைக் கேட்டுத் திகைத்துத்தான் போவார். நிலத்துக்கு உழைப்பு எப்போது, எவ்வளவு, எந்த வேலைக்குத் தேவைப்படுகிறது என்று பார்க்காமல் தலைகளை மட்டும் எண்ணியதால் வந்த பிழை அது. போசரப் வேலைநேரத்தைக் கணக்கெடுக்கத் தொடங்கினார்.

மால்தஸ் 1798இல் எழுதியதிலிருந்து பெரும்பாலோர் ஒரு திசையிலேயே யோசித்துவந்தார்கள்: நிலம் இவ்வளவுதான், அது தரும் உணவு இவ்வளவுதான், அதற்குமேல் மக்கள் பெருகினால் பஞ்சமும் நோயும் கணக்கைச் சரிசெய்யும். நிலத்தின் அளவும் வளமும் முன்பே தீர்ந்துபோன விஷயங்கள். மக்கள்தொகை அதற்கு அடங்க வேண்டும். போசரப் இதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். மக்கள் நெருக்கம்தான் நிலத்தை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பயிரிடுவது என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த இடைவெளிதான் கருவியையும், எருவையும், நீர்ப்பாசனத்தையும், நிலத்தின் மீதான உரிமை முறையையும்கூடத் தீர்மானிக்கிறது. வளம் என்பது நிலத்தோடு கூடப்பிறந்த குணம் மட்டுமல்ல. நிலத்தை எப்படிக் கையாண்டார்கள் என்பதன் விளைவும் அது.

‘தேவை வந்தால் மனிதன் வழி கண்டுபிடித்துக்கொள்வான்’ என்ற நம்பிக்கை வாசகமாகச் சுருக்கி இந்தக் கருத்தை மேற்கோள் காட்டுபவர்கள் அதிகம். அவர்கள் நூலைப் பாதியில் மூடியவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நூலின் முதுகெலும்பு வேறு. ஆறப்போடும் காலம் குறையக் குறைய ஒரு ஏக்கரில் எடுக்கும் தானியம் கூடும்; ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைக்கும் தானியம் குறையும். காடு எரித்து விதைத்தவருக்குச் சில மாத வேலையில் ஆண்டுச் சாப்பாடு கிடைத்தது. ஏரும் எருவும் வந்தபின் அதே சாப்பாட்டுக்கு அவருடைய பேரன் இன்னும் பல மணி நேரம் குனிந்து நிற்க வேண்டும். ஆகவே நிலம் தாராளமாக இருக்கும் வரை மக்கள் ஏரைத் தொடமாட்டார்கள். ஏர் தெரியாததால் அல்ல, தேவையில்லாததால்.

காடெரித்துப் பயிர்செய்தவர்களைச் சோம்பேறிகள், மூடர்கள், காட்டழிவுக்குப் பிறந்தவர்கள் என்று நூறாண்டுக்கு மேலாக வனத்துறைகளும் வேளாண் துறைகளும் எழுதிவந்திருக்கின்றன. அந்த மக்கள் தம் உடலுழைப்புக்கு ஒரு மதிப்புப் போட்டு, அதைக் காக்கத் தெரிந்த விவேகிகள் என்று ஒரு பொருளியல் நூல் 1965இல் எழுதியது சிறிய காரியமல்ல. போசரப்பின் எழுத்தில் எனக்கு மிகப் பிடித்தது இந்த மரியாதைதான்.

மக்கள் நெருக்கம் பற்றிய போசரப்பின் கருத்தை உரைத்துப் பார்க்க ஆப்பிரிக்காவில் ஒரு மாவட்டம் அமைந்தது. கென்யாவில், நைரோபிக்குத் தென்கிழக்கே மச்சாகோஸ். குன்றுகளும் அவற்றின் காலடியில் வறண்ட சமவெளியுமான நாடு. மார்ச் முதல் மே வரை ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு மழை. இரண்டில் ஒன்று பொய்ப்பது வாடிக்கை. அங்கே வாழும் அகாம்பா மக்கள் குன்றுகளில் கம்பும் சோளமும் விதைத்து, சமவெளிகளில் மாடு மேய்த்துவந்தவர்கள். மழை இல்லாத பக்கத்திலிருந்து மழை உள்ள பக்கத்துக்குப் போவதே அவர்களுடைய பஞ்ச காலப் பாதுகாப்பு. பிரிட்டிஷ் ஆட்சி வந்து அந்தப் போக்குவரத்துக்கு வேலி போட்டது. சுற்றியிருந்த நல்ல நிலங்கள் வெள்ளைக் குடியேறிகளுக்குப் போயின. இன்னும் சில மேய்ச்சல் வெளிகள் அரசு நிலம் என்று மூடப்பட்டன. அகாம்பாக்களுக்கு ‘ஒதுக்கிடம்’ என்று ஓர் எல்லை வரையப்பட்டது. இடம் மாறி இடம் மாறிப் பிழைத்தவர்களை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, பிறகு அந்த இடத்தில் நெரிசல் என்று கணக்கெழுதினார்கள்.

1930களில் வறட்சியும் வெட்டுக்கிளியும் மாறி மாறி வந்தன. மண் அரிப்பு பற்றி ஆராய அனுப்பப்பட்ட காலின் மாஹர் என்ற அதிகாரி 1937இல் ஓர் அறிக்கை தந்தார். ஓடை ஓடையாக அறுத்துக்கொண்டு போன சரிவுகள், புல்லற்ற குன்றுகள், கல் தெரியும் வயல்கள். இந்த மக்கள் வறுமைக்கும் இந்த நிலம் பாலைக்கும் போய்க்கொண்டிருக்கிறது என்பது அவருடைய முடிவு. அவர் கண்டது பொய்யல்ல; அந்த ஆண்டு எடுத்த புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பவர் யாரும் அந்த நிலத்தின்மேல் பந்தயம் கட்டமாட்டார்.

நோய் ‘மிகுதியான மாடு’ என்று அரசு தீர்மானித்தது. நிலம் இத்தனை மாட்டைத்தான் தாங்கும் என்று ஓர் எண்ணைப் போட்டு, அதற்குமேல் உள்ளவற்றை 1938இல் பறித்து விற்கத் தொடங்கினார்கள். அதே காலத்தில் ஆத்தி ஆற்றங்கரையில் ஓர் இறைச்சி ஆலை வந்திருந்தது என்பதை அகாம்பாக்கள் கவனிக்காமல் இல்லை. முயிண்டி எம்பிங்கு என்பவர் தலைமையில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நைரோபிக்கு நடந்துபோய், ஆளுநரைப் பார்க்காமல் நகரமாட்டோம் என்று வாரக்கணக்கில் அமர்ந்துவிட்டார்கள். அரசு பின்வாங்கியது, மாடு பறிப்பு நின்றது. எம்பிங்குவைக் கைதுசெய்து லாமு தீவுக்கு நாடுகடத்தினார்கள்.

அடுத்து வந்தது கட்டாய வரப்பு வேலை. வாரத்தில் குறித்த நாட்களில் ஊர்த்தலைவர்கள் ஆட்களைத் திரட்டிச் சரிவுகளில் குறுகலான வரப்புகள் வெட்டவைத்தார்கள். ஆண்கள் பலர் நகரத்துக்கும் தோட்டங்களுக்கும் போரின்போது பட்டாளத்துக்கும் போயிருந்ததால் மண்வெட்டி பிடித்தவர்களில் பெண்களே மிகுதி. அந்த வரப்புகள் பல அடுத்தடுத்த மழைகளில் உடைந்தன. உடைந்ததைச் சரிசெய்ய யாரும் முனையவில்லை. நிலத்தைச் சீர்படுத்தினால் வெள்ளைக்காரன் வந்து எடுத்துக்கொள்வான் என்ற அச்சம் ஊரில் இருந்தது. எல்லைக்கு அப்பால் நடந்ததை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். தன் உழைப்பின் பலன் தனக்குச் சேருமா என்ற கேள்விக்கு விடை தெரியாத இடத்தில் யாரும் மண்ணைக் கட்டமாட்டார்கள்.

இனி எண்களைப் பார்ப்போம். 1930களின் தொடக்கத்தில் மச்சாகோஸின் மக்கள்தொகை ஏறத்தாழ 2.4 லட்சம். 1989 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 14 லட்சம். ஆறு மடங்கு. மால்தஸின் கணக்குப்படியும் மாஹரின் கணக்குப்படியும் 1990இல் அங்கே பாறையைத் தவிர ஒன்றும் மிஞ்சியிருக்கக் கூடாது. அந்த நேரத்தில் மேரி டிஃபன், மைக்கேல் மார்ட்டிமோர், ஃபிரான்சிஸ் கிச்சுகி ஆகிய மூவர் லண்டனின் வெளிநாட்டு வளர்ச்சி நிறுவனமும் நைரோபிப் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஆய்வொன்றில் அந்த அறுபதாண்டு வரலாற்றைத் தோண்டினார்கள். பழைய அறிக்கைகள், மழைப் பதிவுகள், 1948 முதல் 1978 வரையிலான விமானப் படங்கள், மண் மாதிரிகள், ஊர்ப் பெரியவர்களின் நினைவுகள் என்று எல்லாவற்றையும் சேர்த்தார்கள். 1937இல் படமெடுத்த அதே இடங்களில் நின்று 1990களின் தொடக்கத்தில் மறுபடி படமெடுத்தார்கள்.

கல் தெரிந்த சரிவுகளில் படிப்படியாக வயல்கள் நின்றன. ஓடை அறுத்த இடங்களில் மரங்கள். குன்றுகள் வெறுமையாக இல்லை. விறகுக்கு வழியில்லாமல் போகும் என்று அஞ்சிய மாவட்டத்தில் வயலோரங்களிலும் வீட்டைச் சுற்றியும் மக்களே மரம் நட்டிருந்தார்கள். விளைபொருள் அனைத்தையும் மக்காச்சோள மதிப்பில் கணக்கிட்டபோது ஒரு சதுர கிலோமீட்டருக்குக் கிடைத்த விளைச்சல் பத்து மடங்குக்குமேல் கூடியிருந்தது. ஆளுக்கு என்று வகுத்தாலும் ஏறத்தாழ மூன்று மடங்கு. 1994இல் வந்த அவர்களுடைய நூலுக்கு ‘அதிக மக்கள், குறைந்த அரிப்பு’ என்று தலைப்பு. போசரப்பின் கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேடினாலும் கிடைக்காது என்று பலர் எழுதினார்கள். அவர் அப்போது உயிரோடு இருந்தார், 1999இல்தான் இறந்தார்.

மாறியது எப்படி என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். சரிவை வயலாக்கியது ‘ஃபான்யா ஜூ’ என்ற முறை. சுவாகிலியில் ‘மேலே செய்’ என்று பொருள். சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தில், ஏறத்தாழ இரண்டடி அகலமும் இரண்டடி ஆழமுமாக ஒரு வாய்க்கால் வெட்டுவார்கள். வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிடுவதுதான் கைக்கு எளிது. இந்த முறையில் அதை மேட்டுப்பக்கம் எறிந்து கரை கட்ட வேண்டும். கரைமேல் புல் நடுவார்கள். அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மாட்டுக்கும் ஆகும். வாய்க்காலில் நீர் நிற்பதால் அங்கே வாழையோ எலுமிச்சை இனமோ வைப்பார்கள். மேலிருந்து வரும் மழைநீர் தான் அரித்துக் கொண்டுவந்த மண்ணைக் கரையின் பின்னால் விட்டுவிட்டுப் போகும். சில ஆண்டுகளில் சரிவு தானாகவே படியாகிவிடும். மழை செய்யும் அரிப்பைக் கொண்டே நிலத்தைச் சமன்படுத்தும் உபாயம் இது. நம் மலைச்சரிவுகளில் கல்லடுக்கி வயல் கட்டியவர்கள் இதன் அருமையை உடனே உணர்வார்கள்.

கட்டாயத்தில் வெட்டிய குறுகல் வரப்புகளைக் கைவிட்ட அதே மக்கள் இந்தப் படிகளைத் தாமாகவே வெட்டினார்கள். 1950களில் ஆப்பிரிக்கர்கள் காப்பி பயிரிடுவதற்கு இருந்த தடைகள் தளர்ந்தன. காப்பி வைக்க வேண்டுமானால் முதலில் நிலத்தைப் படியாக்க வேண்டும். கை நீட்டினால் எட்டும் தொலைவில் நைரோபி வளர்ந்துகொண்டிருந்தது. காய்கறிக்கும் பழத்துக்கும் அங்கே விலை கிடைத்தது. 1963இல் விடுதலை வந்த புதிதில் வரப்பு வெட்டுவதே வெள்ளைக்காரன் காலத்துத் தொல்லை என்று பலர் விட்டுவிட்டார்கள். ஆனால் ஓரிரு மழைகளில் விளைச்சல் வித்தியாசம் தெரிந்தபோது திரும்ப வந்தார்கள். மழை குறைவான இரண்டு பருவத்துக்கும் ஏற்ற, சீக்கிரம் விளையும் மக்காச்சோள வகையைக் கட்டுமானி ஆராய்ச்சி நிலையம் தந்தது. மேய்ச்சல் வெளி குறைந்ததும் மாட்டைக் கட்டிவைத்துத் தீவனம் போட்டார்கள். தொழுவுரம் வயலுக்குப் போயிற்று. புதர் போய், மண்வெட்டி போய், ஏர் வந்து, எரு வந்து, ஆண்டுக்கு இரண்டு விதைப்பு வந்தது. 1965இல் ஒரு மேசையில் எழுதப்பட்ட வரிசை ஒரு மலைச்சரிவில் நடந்தேறியது.

இவ்வளவையும் மக்கள் நெருக்கமே செய்துவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 2002இல் ஃபிரெட் சால், ரெம்கோ ஊஸ்டென்டார்ப் என்ற இருவர் மச்சாகோஸை அதன் கிழக்கே உள்ள கிட்டுயியோடு ஒப்பிட்டார்கள். கிட்டுயியிலும் அகாம்பா மக்கள்தான். மழை குறைவு, நெருக்கம் குறைவு, சந்தை தூரம். படி வெட்டும் வேலை எங்கே எப்போது வேகமெடுத்தது என்று பார்த்ததில் மக்கள் நெருக்கத்தோடு, நகரச் சந்தைக்கு உள்ள தூரமும், 1970களின் பிற்பகுதியில் காப்பி விலை ஏறியதும் பெரிய காரணங்களாகத் தெரிந்தன. 1975 ஜூலையில் பிரேசிலில் விழுந்த உறைபனி காப்பித் தோட்டங்களைக் கருக்கி உலக விலையை ஏற்றியது. அந்தப் பனி கென்யாவின் ஒரு சரிவில் மண் அரிப்பைக் குறைத்தது என்றால் விந்தையாகத் தெரியலாம். நிலப் பயன்பாட்டுக்குக் காரணம் தேடுபவர் இப்படிக் கடல் தாண்டியும் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

ஜான் மர்ட்டன் 1999இல் எழுப்பிய கேள்வி இன்னும் கனமானது. மாவட்டச் சராசரி ஏறியது சரி, யாருடைய வயல் ஏறியது? நைரோபியில் சம்பளம் வாங்கும் ஆள் உள்ள வீடு, அந்தப் பணத்தைக் கொண்டு படி வெட்ட ஆள் வைத்தது, மாடு வாங்கியது, எரு போட்டது, பக்கத்து நிலத்தையும் வாங்கியது. சம்பளம் இல்லாத வீடு பிழைப்புக்காக அடுத்தவர் வயலுக்குக் கூலி போயிற்று. தன் வயலுக்கு வேண்டிய நேரத்தில் அங்கே ஆளில்லை. ஒரே குன்றில் ஒரு வயலின் மண் தேறிக்கொண்டும் இன்னொன்றின் மண் தேய்ந்துகொண்டும் இருந்தது. போசரப்பின் நூலில் ஊர் என்பது பெரும்பாலும் ஒரே உடலாக அசைகிறது. நெருக்கம் கூடினால் ஊரே ஏர் பிடிக்கிறது. அந்த ஊருக்குள் நிலம் உள்ளவர், இல்லாதவர் என்ற பிளவு எப்படி வளர்கிறது என்பதற்கு அவர் தரும் இடம் போதாது. இது அவருடைய ஆய்வின் பெரிய குறை என்றே நினைக்கிறேன். மக்கள்தொகை மிக விரைவாகப் பெருகிப் புதிய முறைகளுக்கு மாற அவகாசம் கிடைக்காவிட்டால் நிலம் கெட்டுப்போகலாம் என்று அவரே எச்சரித்திருப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவரைக் கொண்டாடுபவர்கள் அதை அதிகம் சொல்வதில்லை.

அவருடைய கணக்கு போய்ச்சேர்ந்த இன்னோர் இடம் அவரே எதிர்பார்த்திராதது. தொல்காலநிலை ஆய்வாளர் வில்லியம் ரடிமன் 2003இல் ஒரு துணிந்த கருத்தை வைத்தார். பனிப்பாறை உள்ளகங்களில் சிறைப்பட்ட காற்றைப் பார்த்தால், ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து கரியமில வாயு, இறங்க வேண்டிய கட்டத்தில் மெல்ல ஏறியிருக்கிறது. காடழித்த ஆதி வேளாண்மைதான் காரணம் என்றார். உடனே வந்த மறுப்பு எளிமையானது: அன்றைக்கு உலகில் இருந்தவர்களே சொற்பம், அவர்களால் இவ்வளவு காட்டை அழித்திருக்க முடியுமா? 2009இல் ரடிமனும் ஏர்ல் எல்லிஸும் இதற்குச் சொன்ன விடை போசரப்பிடமிருந்து வந்தது. இன்றைய விவசாயிக்கு வேண்டிய நிலத்தை வைத்து அன்றைய விவசாயியைக் கணக்கிடக் கூடாது. காடெரித்துப் பயிர்செய்பவர் ஒவ்வோர் ஆண்டும் பயிரிடுவது கொஞ்சம். ஆறப்போட்டிருப்பது அதைப்போலப் பல மடங்கு. ஆளுக்குத் தேவைப்பட்ட நிலம் அன்று மிக அதிகம். நெருக்கம் கூடக் கூட அது சுருங்கியது. ஆகவே சிறு கூட்டமும் பெருங்காட்டைக் கலைத்திருக்கலாம். ரடிமனின் கருத்தைக் கார்பன் ஐசோடோப்பு அளவைகளைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு, வழக்கு முடியவில்லை. வேலைநேரக் கணக்கிலிருந்து தொடங்கிய ஒரு சிறு நூல் வளிமண்டலத்தின் வரலாற்று வழக்கில் சாட்சியாக நிற்கிறது என்பதே எனக்கு வியப்பு.

இருபதாம் நூற்றாண்டின் உலகக் கணக்கும் மேலோட்டமாகப் பார்த்தால் அவர் பக்கமே நிற்கிறது. நிலத்தில் ஆண்டுதோறும் வளரும் பசுமை முழுவதிலும் மனிதர் எடுத்துக்கொள்ளும் பங்கு 1910இல் 13 விழுக்காடு. 2005இல் 25 விழுக்காடு. வியன்னாவின் ஃபிரிடோலின் கிரவுஸ்மன் குழு 2013இல் வெளியிட்ட கணக்கு இது. அதே காலத்தில் மக்கள்தொகை நான்கு மடங்கானது. நான்கு மடங்கு மக்கள், இரண்டு மடங்கு எடுப்பு. ஒரே நிலத்தில் அதிகம் விளைவித்ததால் வந்த வித்தியாசம்.

ஆனால் இங்கே போசரப்பின் வரிசையில் ஒரு கண்ணி மாறிப்போயிருக்கிறது. அவருடைய உலகில் ஏக்கருக்கு விளைச்சல் கூட வேண்டுமானால் மனிதர் இன்னும் குனிய வேண்டும். இருபதாம் நூற்றாண்டு அந்த வேலையைப் பெருமளவு நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் கொடுத்துவிட்டது. காற்றின் நைட்ரஜனை உரமாக்கும் ஹேபர்-போஷ் முறையின் முதல் ஆலை 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் இயங்கத் தொடங்கியது. தொழுவத்திலிருந்து சுமந்துபோக வேண்டிய சத்து மூட்டையில் வந்தது. டிராக்டர் வந்தது, பம்புசெட்டு வந்தது. விளைச்சலும் கூடி வேலைநேரமும் குறைந்தது. கூலி வேறிடத்தில் எழுதப்பட்டது: வளிமண்டலத்தில், ஆறுகளில் கலந்த நைட்ரேட்டில், இறங்கிப்போன நிலத்தடி நீரில். நிலம் தப்பித்தது என்று அந்த 25 விழுக்காட்டைக் காட்டிச் சொல்பவர்களிடம் இந்தப் பற்றுவரவையும் கேட்க வேண்டும்.

எல்லா இடத்திலும் எண்ணெய் முதுகுக்கு மாற்றாக வந்துவிடவில்லை. மச்சாகோஸின் படிகளில் பெரும்பகுதி மண்வெட்டியாலும் சட்டியாலும் ஆனது. பிடித்த கைகள் பெண்களுடையவை. ஆப்பிரிக்காவில் மரம் வெட்டித் தருவதோடு ஆணின் வேலை முடிய, விதைப்பதும் களையெடுப்பதும் அறுப்பதும் பெண்களின் வேலையாக இருந்ததை உலகப் பொருளியல் கவனிக்கவே இல்லை என்று போசரப் 1970இல் இன்னொரு நூலே எழுதினார். ஏர் வரும்போது அது ஆணின் கைக்குப் போகிறது. வேளாண் பயிற்சியும் கடனும் புதுக் கருவியும் ஆணைத் தேடி வருகின்றன. நிலப் பட்டாவும் அவன் பெயரில் விழுகிறது. களையெடுப்பு மட்டும் பெண்ணிடமே நிற்கிறது. வளர்ச்சித் திட்டங்களில் பெண்ணைப் பற்றிய பேச்சு தொடங்கியதே இந்த நூலால்தான் என்பார்கள். 1981இல் லூர்தெஸ் பெனெரியாவும் கீதா சென்னும் இதற்கு ஒரு கூர்மையான மறுவாசிப்பு எழுதினார்கள். வயலில் பெண் செய்யும் வேலையை எண்ணிய போசரப், தண்ணீர் சுமப்பதையும் விறகு பொறுக்குவதையும் சமைப்பதையும் பிள்ளை வளர்ப்பதையும் அதே அக்கறையோடு எண்ணவில்லை என்றார்கள். வேலைநேரமே தம் அளவுகோல் என்று வைத்துக்கொண்டவருக்கு எதிராக வைக்கத்தக்க மிக நியாயமான குற்றச்சாட்டு அது.

அகாம்பா ஊர்களில் ‘ம்வேத்யா’ என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் பெரிய வேலை இருந்தால் அக்கம்பக்கத்தார் கூடிச் செய்துகொடுப்பார்கள்; வீட்டார் சாப்பாடு போடுவார்கள். காலனி அரசு கட்டாய வேலைக்கு இந்தப் பெயரைப் பயன்படுத்திப் பார்த்தது. ஊர் தன் விருப்பத்தில் படி வெட்டத் தொடங்கியபோது அந்தக் குழுக்கள் மறுபடி தழைத்தன. கணவர் நைரோபியில், மகன் மொம்பாசாவில். ஊரில் இருந்த பெண்கள் குழு கட்டி, இன்று உன் சரிவு, அடுத்த வாரம் என் சரிவு என்று முறை வைத்து வெட்டினார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு வெட்டினார்கள். குழுவுக்கு வர ஆளில்லாத வீட்டுக்கு அந்த முறை எட்டவில்லை.

படி ஒருமுறை வெட்டினால் முடிகிற வேலையுமல்ல. ஒவ்வொரு மழையும் வாய்க்காலில் வண்டலை இறக்கிவிட்டுப் போகிறது. கரை தாழ்கிறது, புல் பிடிக்காத இடத்தில் எலி வளை தோண்டுகிறது. செப்டம்பரில் மண் இறுகிக் கிடக்கும்போது, அக்டோபர் மழைக்கு முன், யாராவது அந்த வாய்க்காலுக்குள் இறங்கி நின்று, சேர்ந்த வண்டலை அள்ளித் தம் தோளுக்கு மேலாக மேட்டுப்பக்கம் மறுபடி எறிய வேண்டும்.